ரெண்டு எழுத்து போதும்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. அடுத்தவர் வேலையைச் சுலபமாக்கித் தருகிற இனம்.

அவரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். கல்யாண வீட்டில் பந்தியை ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பரிமாறிக்கொண்டு போனால் கால் மணித்தியாலம் மிச்சம் என்று சொல்லி, சோறு ஒரு கோடியிலும் அப்பளம் மறு கோடியிலும் தங்கிப்போக, மாப்பிள்ளையின் தாய்மாமன் வெறும் அப்பளத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "முதல் தடவைன்னா அப்படித்தான் இருக்கும்" என்று ஆறுதல் சொல்கிறாரே, அவரேதான். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்கும் நேரத்திலும், "கொஞ்சம் நில்லுங்க, இந்த நாலு பேரும் இடம் மாறி நின்னா கனம் தெரியாது" என்பார். செத்தவருக்கு அவசரம் இல்லாதபடியால் அங்கே மட்டும் பெரிய நட்டம் வருவதில்லை.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்தால் விரட்டிவிடலாமே! நல்ல மனம், இளகிய மனம். இன்னொருவர் ஒரு வேலையை அமைதியாகச் செய்துகொண்டிருப்பதைக் கண்டால் அவருக்கு நெஞ்சு பொறுக்காது. செய்கிறவர், "எனக்கு இது கஷ்டமில்லை" என்று சொன்னால் அது அவர் காதில் ஏறாது. சுவரில் ஒட்டியிருக்கும் அறிவித்தல் எதையும் அவர் கண் பார்க்காது. அறிவித்தல் எல்லாம் மற்றவர்களுக்கு.

மலைநாட்டில் உக்குவளைப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில் ஒன்றுக்கு ஆண்டவர் தந்தருளிய அப்படிப்பட்ட மனிதர் ஒஸ்வல்ட். ரேடியோவும் மணிக்கூடும் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தார். ஞாயிறு பூசைக்கு முதல் மணிக்கே வந்துவிடுவார். பாட்டு இலக்கம் போடுகிற பலகையை மூன்று முறை சுலபமாக்கியதில் பாடகர் குழு ஒரு முறை துக்க நாளான பெரிய வெள்ளிக்கிழமையில் அல்லேலூயா பாடிவிட்டது. அதற்குப் பிறகு பங்குச் சாமியார் ஃபாதர் கிறிஸ்தோபர் பலகையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். ஒஸ்வல்டின் பார்வை அப்போதுதான் கோவில் ஒபிசின் பக்கம் திரும்பியது.

ஒபிசில் இருந்தவர் மார்ஜரி. பதினாறு வருஷமாக அங்கே எழுத்து வேலை. வெளிநாட்டு உபகாரி ஒருவர் அனுப்பிய பழைய கொம்பியூட்டர் ஒன்று நாலு வருஷத்துக்கு முன் அவருடைய மேசைக்கு வந்தது. குருமடத்துச் சகோதரர் ஒருவர் வந்து, அதில் லினக்ஸ் என்ற ஒன்றைப் போட்டு, பங்கின் ஞானஸ்நானப் பதிவேடு முழுவதையும் உள்ளே ஏற்றி, சான்றிதழ் அச்சடிக்கச் சின்னதாக ஒரு புரோகிராமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். படம் இல்லை, அழகு இல்லை, கறுப்புத் திரை. அதில் புரோகிராமின் பெயரை அடிக்க வேண்டும், பிறகு வருஷம், பிறகு ஆளின் பெயர், தகப்பன் பெயர். கடைசியில் ஒரு தட்டு. பக்கத்தில் இருக்கிற பிரின்டர் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டு சான்றிதழைத் தள்ளும்.

போகும்போது சகோதரர் சிவப்பு மையால் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: 'ஆளின் பெயர் இல்லாமல் வருஷத்தை மட்டும் கொடுத்து ஓட்டக் கூடாது. அந்த வருஷத்தில் ஞானஸ்நானம் பெற்ற எல்லோருக்கும் சான்றிதழ் அச்சாகும்.'

மார்ஜரி அதைத் தினமும் ஒரு முறை வாசிப்பார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, இரண்டு விரலால், ஒவ்வோர் எழுத்தாக அடிப்பார். நாலு வருஷத்தில் ஒரு பிழை இல்லை.

இதைத்தான் ஒஸ்வல்ட் பார்த்துவிட்டார்.

"ஐயோ மார்ஜரி! இதையெல்லாம் முழுசாவா அடிக்கிறீங்க?"

"பழகிருச்சு அண்ணே. இருபது செக்கன்தானே."

"அந்த இருபது செக்கன யாரு திருப்பித் தருவா? ரெண்டு எழுத்து போதும் மார்ஜரி. ரெண்டு எழுத்த அடிச்சு, இந்தா, இடது பக்கத்துல டெப்புன்னு ஒரு கட்டை இருக்கு பாருங்க, அத ஒரு தட்டு. மிச்சப் பேர அதுவே எழுதிக்கும்."

"அதுக்கு எப்படி அண்ணே தெரியும், நான் யாரத் தேடுறேன்னு?"

"நாமதான் சொல்லிக் குடுக்கணும். இந்தப் புரோகிராமுக்குப் பின்னால வருஷம் வரும், வருஷத்துக்குப் பின்னால பேரு வரும், இன்ன வருஷத்துக்கு இன்ன இன்ன பேரு இருக்குன்னு நாம ஒரு சட்டம் எழுதி வச்சிட்டா, ஒரே ஒரு பேரு பொருந்தினா தானா நிரப்பிரும். பல பேரு பொருந்தினா, ரெண்டாம் தட்டுக்கு வரிசையா எல்லாரையும் காட்டும். ஒரு தடவ எழுதினாப் போதும், ஆயுசுக்கும் சுகம்."

மார்ஜரிக்கு அது பிடிக்கத்தான் செய்தது. யாருக்குப் பிடிக்காது? சட்டியில் உப்பைப் போடப் போகிறபோதே உப்புச் சிரட்டை நகர்ந்து வந்து கைக்குக் கீழே நின்றால் வேண்டாம் என்பவர் உண்டா? ஆனால் உப்புச் சிரட்டை அவருக்கு ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஒஸ்வல்ட் மூன்று கிழமை எழுதினார். தினம் மூன்று மணித்தியாலம், கடையில் ரேடியோக்கள் வயிற்றைத் திறந்துகொண்டு வரிசையாகக் கிடக்க, ஒபிசிலிருந்து புரோகிராமையும் பதிவேட்டையும் பிரதி எடுத்து ஏற்றிய தன்னுடைய கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினார். நேர்த்தியாகத்தான் எழுதினார் என்பதையும் சொல்ல வேண்டும். புரோகிராமுக்கு அடுத்த இடத்தில் டெப்பைத் தட்டினால் வருஷங்களை மட்டும் காட்டும். வருஷத்துக்கு அடுத்த இடத்தில் தட்டினால் பெயர்களை மட்டும் காட்டும். பெயர்களை எங்கிருந்து எடுப்பது? சுலபமான வழி ஒன்று அவருக்குத் தட்டுப்பட்டது. சகோதரரின் புரோகிராமை வருஷத்தை மட்டும் கொடுத்து ஓட்டினால், அது அந்த வருஷத்துப் பெயர்களையெல்லாம் திரையில் வரிசையாகப் போடுகிறது. அதையே பிடித்துக்கொண்டால் முடிந்தது. ஒவ்வொரு முறை டெப்பைத் தட்டும்போதும் மறைவில் அது ஓடும், பெயர்கள் வரும். கடையில் ஆயிரம் முறை தட்டிப் பார்த்தார். மணிபோல வேலை செய்தது.

கடைக் கொம்பியூட்டரில் பிரின்டர் கிடையாது.

இதற்கிடையில் மார்ஜரி ஒரு பழைய துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு சான்றிதழுக்குப் பதினாறு செக்கன் மிச்சம். மாதத்துக்குப் பத்துச் சான்றிதழ். ஒஸ்வல்ட் செலவழித்த மூன்று கிழமையைத் திரும்ப எடுக்க நூறு வருஷத்துக்கு மேலே செல்லும். அதற்குள் இரண்டு பேருமே நித்திய இளைப்பாற்றிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். சொல்லவில்லை. ஒரு மனிதருடைய சந்தோஷத்தைக் கெடுப்பதும் பாவம்தானே.

ஒஸ்வல்ட் தன் சட்டத்தைக் கொண்டுவந்து ஒபிஸ் கொம்பியூட்டரில் ஏற்றிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அன்றைக்குப் பார்த்துத்தான் மரியாயி வந்தார்.

மலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர் மரியாயி. ஐம்பது வயதை எட்டப் போகிறார். அடையாள அட்டை கிடையாது, பிறப்புப் பத்திரமும் கிடையாது. இத்தனை காலம் அது இல்லாமலே செடி வெட்டுகிற கவ்வாத்து மலைக்கும் கொழுந்து மலைக்கும் போய் வந்தார்; செடிகள் அட்டை கேட்பதில்லை. இப்போது புருஷனைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை நெஞ்சில் ஒப்பரேஷன். பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். யுத்த காலத்தில் அட்டை இல்லாமல் கொழும்புக்கு பஸ் ஏறினால் எந்தச் சோதனைச் சாவடியில் இறக்கி எங்கே கொண்டுபோவார்கள் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். போன மாதம் மரியாயி குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண்ணை இறக்கிக் கொண்டுபோய், தோட்டத்துத் துரை கடிதம் கொடுத்து வெளியே எடுக்க நாலு நாள் ஆனது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கத்தின் நடமாடும் சேவை. பிறப்புப் பத்திரம் இல்லாதவர் ஞானஸ்நானச் சான்றிதழைக் கொடுத்து அட்டைக்கு எழுதலாம். கையோடு சீல் வைத்த ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். அட்டை வரும்வரை அந்தத் துண்டுதான் அட்டை. இரண்டு மணியோடு மேசையை மடித்துவிடுவார்கள். மரியாயி ஒபிஸ் வாசலுக்கு வரும்போது பன்னிரண்டேமுக்கால்.

"மிஸ், ஒரு சட்டிவிக்கட் வேணும். அம்பத்தெட்டாம் வருசம். சூசை மக மரியாயி."

மார்ஜரி முதலில் படிவக் கட்டைப் பார்த்தார். மறைமாவட்டத்திலிருந்து இலக்கமிட்டு, முத்திரை அச்சிட்டு, ஒன்றோடொன்று மடித்து நீளமாக வருகிற படிவம். பன்னிரண்டுதான் மிச்சம் இருந்தது. அடுத்த கட்டு வர இரண்டு கிழமை. வெள்ளைத் தாளில் ஃபாதர் கையால் எழுதிக் கொடுத்ததைப் போன முறை நடமாடும் சேவைக்காரர் தொடக்கூட இல்லை. பன்னிரண்டு போதும், ஒரே ஓர் ஆள்தானே என்று மார்ஜரி சிலுவை அடையாளம் போட்டு விரலை நீட்டினார்.

"நில்லுங்க!" என்றார் ஒஸ்வல்ட். "இந்த அம்மா அவசரத்துல வந்திருக்காங்க. நீங்க எழுத்தெழுத்தா தட்டிக்கிட்டு இருந்தா எப்ப முடியுறது? எழும்புங்க, நான் காட்டுறேன்."

"அண்ணே, இருபது செக்கன்…"

"நாலு செக்கன்!"

அவர் உட்கார்ந்தார். புரோகிராமின் பெயர், வருஷம், மரியாயியின் முதல் இரண்டு எழுத்து. சுண்டுவிரலைத் தூக்கி, பூசையில் நற்கருணை எழுந்தேற்றம் செய்கிற பக்தியோடு டெப்பைத் தட்டினார்.

திரையில் ஒன்றும் வரவில்லை. இந்த இனத்துக்குப் பொறுமை எங்கே? இன்னொரு தட்டு. இன்னும் ஒரு தட்டு.

பிரின்டர் கிறீச் என்றது.

"பாத்தீங்களா! பேரக் கேட்டா சட்டிவிக்கட்டே வருது!" என்றார் ஒஸ்வல்ட்.

வந்த சான்றிதழை மார்ஜரி பார்த்தார். ஜனவரி மாதம் ஞானஸ்நானம் பெற்ற டவுன்காரர் ஒருவர். செத்து ஒன்பது வருஷம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்தது. கனடாவில் இருக்கிறவர். மார்ஜரியின் கண் சுவரில் இருந்த சிவப்பு எழுத்துக்குப் போனது.

"அண்ணே, நீங்க பேரில்லாம ஓட்டிட்டீங்களா?"

"நான் எங்க ஓட்டினேன்? டெப்புத்தான் தட்டினேன். உள்ளுக்குள்ள… பேரெடுக்க…" ஒஸ்வல்டின் வாய் பாதியில் நின்றது. மூன்று கிழமை எழுதியது அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அம்பத்தெட்டாம் வருஷம் முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் மூன்று தட்டுக்கு மூன்று முறை. "பிரின்டர நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்டினா திரும்ப முதல்ல இருந்து தொடங்கும் அண்ணே. போன வருசம் கரண்டு போன நேரம் அப்படித்தான் செஞ்சுச்சு. திரும்பவும் செத்தவரு வருவாரு, திரும்பவும் கனடாக்காரரு வருவாரு. படிவம் எங்க?"

ஒஸ்வல்ட் ஏதேதோ கட்டைகளை அமுக்கினார். நாலாவது சான்றிதழும் வந்து விழுந்தது, அதுவும் டவுன்காரர். எட்டுப் படிவம் மிச்சம். மார்ஜரி வருவது வரட்டும் என்று சுவிட்சில் கையை வைத்தார்.

ஐந்தாவதாக வந்த தாளை மரியாயி எட்டிப் பார்த்தார். எழுத வாசிக்க அதிகம் தெரியாது. ஆனால் பெயர் தெரிந்தது.

"நோபர்ட்டு! மிஸ், இது எங்க லயத்து நோபர்ட்டு. மொதக் காம்பரா வீடு."

"யாரு?"

"கைய எடுங்க மிஸ்! நிப்பாட்டாதீங்க!" மரியாயி மார்ஜரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல சாமி வருசத்துக்கு ஒருக்காத்தான் தோட்டத்துக்கு ஏறி வருவாரு, அந்தோனியார் திருநாளுக்கு. அந்த வருசத்துப் புள்ளைகள எல்லாம் லயத்து வரிசையில தூக்கிக்கிட்டு நின்னாங்களாம். மொத மொத நற்கருணை வாங்குற புது நன்மைக்கும் எங்கள அதே வரிசையிலதான் நிக்க வச்சாங்க. எனக்கு மனப்பாடம். அடுத்தது சவரியம்மா வருவா பாருங்க."

பிரின்டர் கத்தியது. சவரியம்மா வந்தார்.

"அடுத்தது லூர்தம்மா."

லூர்தம்மா.

ஒஸ்வல்ட் வாயைப் பிளந்து பார்த்தார். மூன்று கிழமை சட்டம் எழுதிக் கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தும் வராத வித்தை, கூடைக் கயிற்றுத் தழும்பு விழுந்த நெற்றியோடு ஒரு மனுஷி வாசலில் நின்று செய்கிறார். எந்தக் கட்டையையும் தட்டாமல்.

"அடுத்தது அருளாயி, அதுக்கப்புறம் ராயப்பன், அதுக்கப்புறம் தெரசா, அதுக்கப்புறம் நான். நான் ஏழாவது மிஸ். படிவம் எல்லாருக்கும் காணுமா?"

மார்ஜரி விரல் விட்டு எண்ணினார். டவுன்காரர் நாலு, லயத்தில் ஏழு. பதினொன்று. "காணும். ஒண்ணு மிஞ்சும். மாதாவே!"

அருளாயி வந்தார். ராயப்பன் வந்தார். மரியாயி, "தெரசா" என்றார்.

சின்னப்பன் வந்தார்.

மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்த்தார்கள். மரியாயியின் முகம் வெளுத்தது.

"ரெட்டப்புள்ள," என்றார் மெல்ல. "ராயப்பனும் சின்னப்பனும் ரெட்ட. அவன் சின்னதுலயே பெரியப்பன் குடும்பத்தோட இந்தியாவுக்குப் போயிட்டான் மிஸ், ரெண்டு அரசாங்கமும் போட்ட அந்த ஒப்பந்தத்துல. போனவன் போனவன்தான். நான் எப்படி அவன மறந்தேன்?"

மிச்சம் இரண்டு படிவம். வருகிற ஆட்கள் இரண்டு பேர், அதுவும் இன்னொரு பிள்ளையை மரியாயி மறக்காமல் இருந்தால். ஒஸ்வல்ட் கதிரையை விட்டு இறங்கிச் சீமெந்துத் தரையில் முழங்காலில் நின்றுவிட்டார். ஜெபம் செய்தாரோ பிரின்டருக்குக் கீழே வயரைத் தேடினாரோ, மார்ஜரிக்கு நிச்சயமில்லை.

தெரசா வந்தார்.

கடைசிப் படிவம் உள்ளே இழுபட்டது. பாதி தூரத்தில் கொஞ்சம் நின்று, யோசித்து, மறுபடி கத்தியது. மரியாயி கண்ணை மூடிக்கொண்டார். மார்ஜரிதான் வாசித்தார்: "மரியாயி. தகப்பன் பெயர் சூசை."

அதற்குப் பிறகும் பிரின்டர் கத்திக்கொண்டேதான் இருந்தது, வெறும் உருளையில். அது கத்தட்டும்.

சத்தம் கேட்டு ஃபாதர் கிறிஸ்தோபர் வந்தார். மேசை நிறையப் பன்னிரண்டு சான்றிதழைப் பார்த்தார். தரையில் முழங்காலில் நிற்கிற ஒஸ்வல்டைப் பார்த்தார். பார்த்தவுடனே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை மார்ஜரி சொன்னார்.

"ஃபாதர்," என்றார் மரியாயி, "நோபர்ட்டுக்கும் சவரியம்மாவுக்கும் அருளாயிக்கும்கூட அட்டை இல்ல. அச்சடிச்சது அச்சடிச்சாச்சு. அவங்களோடதையும் கையெழுத்து வச்சுத் தந்தா கொண்டுபோயிருவேன். கூப்பிட்டா ஓடி வந்திருவாங்க."

ஃபாதர் நாலு கையெழுத்து வைத்தார். நாலையும் மரியாயி மார்போடு அணைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, ஒஸ்வல்டின் இரண்டு கையையும் பிடித்தார். "ஒங்களாலதான் ஐயா நாலு பேருக்கு வழி பொறந்திருக்கு. மகராசனா இருக்கணும்." சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினார்.

அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் போயிருக்கலாம்.

"பாத்தீங்களா ஃபாதர்," என்று முழங்காலைத் தட்டிக்கொண்டே எழுந்தார் ஒஸ்வல்ட். "மார்ஜரி கையால அடிச்சிருந்தா ஒண்ணுதான் வந்திருக்கும்."

ஃபாதர் மேசையில் மிஞ்சிக் கிடந்த எட்டு வீணான சான்றிதழ்களை, செத்தவருடையதை மேலே வைத்து, ஒழுங்காக அடுக்கினார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சிவப்புத் தாளைக் கவனமாக உரித்தெடுத்து, ஒஸ்வல்டின் சட்டைப் பைக்குள் வைத்து ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டுக்கு எந்தப் பெயரும் வந்து நிரம்பவில்லை.

ஞாயிறு பூசைக்கு வந்த சவரியம்மா செய்தி கொண்டுவந்தார். வியாழன் காலையில் மரியாயி கொழும்பில் இறங்கிவிட்டாராம். வழியில் மூன்று இடத்தில் துண்டை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். புருஷன் கண் திறந்தபோது பக்கத்தில் இருந்தாராம். மார்ஜரி கோவிலுக்குள் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். வெளியே வரும்போது, கோவில் மணியின் கயிற்றை ஒஸ்வல்ட் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். அவருடைய முகத்தில் இரக்கம் ததும்பியது. மணி அடிக்கிற சிவலிங்கம் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார், பாவம்.

இப்படியொரு மனிதரா என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தடையில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தப் பிரின்டர் கத்திக்கொண்டிருந்தபோது, மரியாயி விரல் மடக்கி எண்ணிக்கொண்டு நின்றபோது, "அட, இவர்கள் இப்படிச் செய்திருந்தால் சுலபமாக நிறுத்தியிருக்கலாமே" என்று உங்களுக்கு ஒரு வழி தோன்றியதா? படிவத்தைக் கழற்றிவிட்டு வெள்ளைத் தாளைப் போட்டிருக்கலாம் என்றோ, சட்டத்தில் இன்ன வரியை மாற்றியிருக்கலாம் என்றோ? அதை உடனே யாரிடமாவது சொல்லிக் காட்ட வேண்டும்போலக் கையும் துறுதுறுத்ததா?

நல்ல வழியாகத்தான் இருக்கும், சந்தேகமில்லை. சொல்லுங்கள், கேட்கிறோம். அதற்கு முன்னால் வாசலை மட்டும் ஒரு முறை எட்டிப் பாருங்கள். யாராவது பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று நிற்கிறார்களா? அவர்கள் ஏறிப் போய்விடட்டும்.